வெளிச்சம் வீட்டிலேயே இருந்தது

 

வீட்டில் அன்றாடம் புழங்கும் சாமான்களைப் பற்றி இந்தப் பகுதியில் மாதந்தோறும் பேசி வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி. இருநூறு, முந்நூறு ரூபாய் அளவில் கடைகளில் கிடைக்கும் பாட்டரி டெஸ்டர்தான் அது. "இதற்கென்று ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கஜா புயலுக்கு முன்னர் என்னிடம் யாராவது இதைப் பற்றிச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ரபீஉல் அவ்வல் பிறை பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பின் கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஸுப்ஹுக்கு முந்திய நேரத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளின் தென்னையும் பலாவும் என்ன கதிக்கு ஆளாயின என்பதை நம் மாவட்டத்தார்க்கு நான் சொல்லத் தேவையில்லை.

அறந்தாங்கியை அடுத்த எங்கள் ஊரில் எங்கள் வீட்டின் முன்பகுதி ஓடு வேய்ந்தது. காற்று ஓடுகளைப் பிய்த்து எறியத் தொடங்கியதும், பின்கட்டு வழியாகப் பக்கத்துத் தளம் போட்ட வீட்டுக்குப் போய்விடலாம் என்று அத்தா சொன்னார்கள். டார்ச் லைட்டை எடுத்தேன். மங்கலாக எரிந்தது, பத்து அடி போவதற்குள் அணைந்துவிட்டது. அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தீர்ந்த கட்டைகள், பாதி தீர்ந்த கட்டைகள், புதிதாக வாங்கிய கட்டைகள் யாவும் அதற்குள்தான் கிடக்கும். எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருந்தன. இருட்டில் இரண்டிரண்டாகப் போட்டுப் பார்க்கிறேன். எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. புதுக் கட்டையோடு தீர்ந்த கட்டை ஒன்று சேர்ந்துவிட்டால் எப்படி எரியும்? அதற்குள் அத்தா பொறுமையிழந்து முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். முருங்கை மரம் முறிந்து குறுக்கே கிடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. கால் இடறி விழுந்து, வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது.

சாலையெங்கும் மரங்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல மறுநாள் பிற்பகலாகிவிட்டது. எலும்பு கூடியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் பின்னர் ஸஜ்தாவில் அந்தக் கையைச் சரிவர ஊன்ற அவர்களால் இயலவில்லை. இறுதி வரை அப்படியே தொழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் என் மனத்தை அறுப்பது எது தெரியுமா? விடிந்த பின் அந்தப் பதினொரு கட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். நான்கு நல்ல நிலையில் இருந்தன. வெளிச்சம் வீட்டிலேயே இருந்தது. எது நல்லது, எது தீர்ந்தது என்று பிரித்து வைக்காததால்தான் இருட்டில் தடுமாறினோம்.

பழைய சோதனைகள்

பாட்டரியைச் சோதிக்க நம் வீடுகளில் வழிவழியாகச் சில முறைகள் உண்டு. கட்டையை வெயிலில் காயவைப்பது முதலாவது. அத்தா அதில் கைதேர்ந்தவர்கள். மொட்டைமாடிச் சுவரில் வற்றலோடு வற்றலாகப் பாட்டரிக் கட்டைகளும் காயும். அன்று இரவு டார்ச் சற்றுப் பிரகாசமாகவே எரியும். அத்தா வெற்றியோடு எங்களைப் பார்ப்பார்கள். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. வெப்பம் ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினை விரைவுபடுகிறது. ஓய்வு கிடைத்தாலும் சிறிது தெம்பு திரும்புகிறது. ஆனால் தீர்ந்துபோன துத்தநாகத்தை எந்த வெயிலும் திருப்பித் தராது. வந்த தெம்பு சில நிமிடங்களில் போய்விடும். சூட்டினால் கட்டை கசிந்து டார்ச்சைப் பாழாக்கும் ஆபத்தும் உண்டு.

பல்லால் கடித்து நசுக்குவது இரண்டாவது. இது அறவே கூடாது. உள்ளே இருப்பவை உண்ணத்தக்க பொருட்கள் அல்ல.

செல்லைத் தரையில் செங்குத்தாகப் போட்டுப் பார்ப்பது மூன்றாவது. துள்ளினால் தீர்ந்தது, துள்ளாமல் நின்றால் புதியது என்பார்கள். இது அல்கலைன் வகைச் செல்களைப் பற்றிய பேச்சு. புதிய அல்கலைன் செல்லின் உள்ளே துத்தநாகம் கூழ் போல் இருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த அது ஆக்சைடாக மாறி இறுகும், ஆகவேதான் துள்ளுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து, செல் பாதி தீர்வதற்குள்ளாகவே துள்ளல் முழு அளவை எட்டிவிடுகிறது என்று கண்டார்கள். துள்ளும் செல் புதியதன்று என்று மட்டும் சொல்லலாமே தவிர, தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. துள்ளியதற்காகத் தூக்கி எறிந்தால் பாதிப் பணம் குப்பைக்குப் போகும்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது?

பிரியாணித் தேக்சாவுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த பாத்திரத்தில் வெண்ணிறப் பொடியைத் தூவுவார். குப்பென்று புகை எழும். பின்னர் ஈயம் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடிதான் நவச்சாரம். அரபியில் நூஷாதிர் என்பார்கள். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் அரபு இரசாயன நூல்களில் இது சிறப்பிடம் பெற்ற பொருள். அதே நவச்சாரத்தின் கரைசலைக் கொண்டுதான் பிரான்ஸ் நாட்டின் லெக்லான்சே 1866ஆம் ஆண்டில் தம் மின்கலத்தை உருவாக்கினார். 1886இல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதைச் சிந்தாத உலர்கலமாக மாற்றினார். நம் பாட்டரிக் கட்டை அந்த வம்சத்தில் வந்ததே.

வெளிப்புறக் குவளை துத்தநாகத்தால் ஆனது, அதுவே எதிர்முனை. நடுவில் நிற்பது கரிக்கோல். அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்த கரிய குழம்பு. இடையில் நவச்சாரக் கலவை. இன்றைய கட்டைகள் பலவற்றில் துத்தநாகக் குளோரைடு. சிறு வயதில் கட்டையை உடைத்து அந்தக் கரியை எடுத்து விளையாடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். டார்ச்சை எரியவிடும்போது துத்தநாகக் குவளை கரைந்து கொண்டே போகிறது. எவ்வளவு கரைந்தது என்பது வெளியே தெரியாது. சோப்புக் கட்டி தேய்வது கண்ணுக்குத் தெரியும்; எண்ணெய்க் குப்பி காலியாவது தெரியும். பாட்டரிக் கட்டை மட்டும் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே உடுப்பில் நிற்கிறது.

பாட்டரி பற்றிய உயர்ந்த ஆராய்ச்சி நமக்கு அண்டையிலேயே நடந்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுதான்.

சுமை ஏற்றினால்தான் தெரியும்

"எங்கள் வீட்டுப் பையன் மல்டிமீட்டர் வைத்திருக்கிறான், அதில் பார்த்தால் போதாதா?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். பார்க்கலாம், ஆனால் அதில் ஓர் ஏமாற்றம் உண்டு.

திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து அவர் திடமானவரா, நோயாளியா என்று சொல்ல முடியுமா? ஒரு நெல் மூட்டையை அவர் தோளில் ஏற்றிவிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். செல்லும் அப்படித்தான். மல்டிமீட்டரின் வோல்ட் அளவையில் வைத்தால், அது செல்லிடமிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. சும்மா இருக்கும் செல் தளர்ந்த நிலையிலும் 1.4 வோல்ட் காட்டக்கூடும். டார்ச்சுக்குள் போட்டு எரியவிட்டால் அந்த அளவு சடாரென்று சரியும். செல் பழகப் பழக அதன் உள்தடை கூடிவிடுவதே இதற்குக் காரணம்.

முள் வைத்த மலிவு டெஸ்டருக்குள் தனியாகப் பாட்டரி கிடையாது. சோதிக்கப்படும் செல்லிடமிருந்தே மின்னோட்டத்தை வாங்கி, ஒரு சிறு மின்தடையின் வழியே செலுத்தி, அந்தச் சுமையோடு செல் எப்படி நிற்கிறது என்று காட்டுகிறது. வீட்டு உபயோகத்துக்கு இந்தக் கருவி போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பயன்படுத்தும் முறை

கருவியின் ஒரு பக்கம் அசையாத தகடு. மறுபக்கம் இழுத்தால் நீளும் கை. கையை இழுத்து, இடையில் செல்லை வையுங்கள். கூட்டல், கழித்தல் குறிகள் கருவியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதன்படி முனைகள் பொருந்த வேண்டும். மாற்றி வைத்தால் முள் பின்னோக்கித் துடிக்கும் அல்லது அசையாது. அதைக் கண்டு செல் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முனையில் துருவோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

முள் பச்சையில் நின்றால் நல்லது. மஞ்சளில் நின்றால் தளர்ந்தது. சிவப்பில் நின்றால் தீர்ந்தது. மூன்று, நான்கு விநாடிகள் முள்ளைக் கவனியுங்கள். பச்சைக்குப் போய்விட்டு மெல்ல மெல்ல மஞ்சளை நோக்கி இறங்கும் செல், வெயிலில் காய்ந்த கட்டையைப் போன்றது. அதை நம்ப வேண்டாம். பார்த்து முடித்ததும் செல்லை எடுத்துவிடுங்கள். கருவியிலேயே விட்டு வைத்தால் செல் வீணாகத் தேயும். சட்டைப் பொத்தான் போன்ற சிறு செல்கள் விரைவில் தேய்ந்துவிடும். 9 வோல்ட் சதுரப் பாட்டரிக்குக் கருவியின் ஓரத்தில் தனியாக இரு முனைகள் உண்டு. அதை அங்கேதான் வைக்க வேண்டும்.

கருவி தவறாகச் சொல்லும் இடங்கள்

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. மூன்று இடங்களில் இது நம்மைக் குழப்பும்.

முதலாவது, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகைச் செல்கள். அவற்றின் இயல்பான அளவே 1.2 வோல்ட்தான். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தாலும் முள் மஞ்சளில் நிற்கலாம். அறியாமல் நல்ல செல்லை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சர்க்கரை அளவு பார்க்கும் கருவிகள் சிலவற்றில் இருக்கும் சி.ஆர். 2032 என்னும் வட்டச் செல். அது 3 வோல்ட் செல். 1.5 வோல்ட் இடத்தில் வைத்தால், தளர்ந்திருந்தாலும் முள் பச்சைக்குப் பாய்ந்து பொய் சொல்லும். 3 வோல்ட்டுக்கென்று தனி இடம் உள்ள கருவியில்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, செல்போன் பாட்டரி, இன்வெர்ட்டர் பாட்டரி, மோட்டார் சைக்கிள் பாட்டரி ஆகியவை. இவை இக்கருவிக்கு உரியவை அல்ல. பிள்ளைகள் ஆர்வத்தில் வைத்துப் பார்க்காதபடி கவனியுங்கள்.

மஞ்சள் செல்லுக்கும் வேலை உண்டு

வீண்விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சமையற்கட்டில் ஒரு பிடி சோறு மிஞ்சினால் வருந்தும் நாம், பாதி உயிருள்ள செல்லைத் தயங்காமல் எறிந்துவிடுகிறோம்.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குள் காற்றடிக்க ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. அதற்குத் திடமான செல் வேண்டும். பச்சையில் நிற்கும் செல்களை அதற்கும் டார்ச்சுக்கும் கொடுங்கள். அவற்றில் தளர்ந்த பென்சில் செல்லை டி.வி. ரிமோட்டில் போடுங்கள், சில மாதங்கள் ஓடும். ரிமோட்டும் சோர்ந்த பின் சுவர்க்கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவதால் தளர்ந்த செல்லிலும் அது சிறிது காலம் ஓடும். ஆனால் தொழுகை நேரத்துக்கு நம்பியிருக்கும் கடிகாரமென்றால், அது பின்தங்குகிறதா என்று அடிக்கடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கருவியில் பச்சைச் செல்லையும் மஞ்சள் செல்லையும் கலந்து போடாதீர்கள். திடமானவை தளர்ந்ததன் வழியே மின்னோட்டத்தை வலிந்து தள்ளும். தளர்ந்தது கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, கம்பிச்சுருளை அரித்துவிடும். அல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மை உடையது. வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை அணிந்து, வினிகரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நெடுநாள் பயன்படாத கருவியிலிருந்து செல்களைக் கழற்றி வைப்பதே நல்லது.

வாங்கும்போதே சோதியுங்கள்

புயலுக்குப் பின் எங்கள் பகுதியில் மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் டெல்டா மாவட்டங்களிலும் நம் மாவட்டத்திலுமாகச் சாய்ந்திருந்தன. சார்ஜ் ஏற்றும் விளக்குகள் இரண்டொரு நாளில் கண்ணை மூடிவிட்டன. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் உள்ள இடங்களில் வரிசையில் நின்றோம். அப்போது கைகொடுத்தவை பழைய கட்டை டார்ச்சுகளே.

அந்த நாட்களில் ஒரு கடையில் நான்கு கட்டைகள் வாங்கினேன். உறை புதிது, உள்ளே இருந்தவற்றில் இரண்டு தளர்ந்தவை. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரரே திகைத்துப்போனார். அவரிடமும் சோதித்துப் பார்க்க ஏதும் இல்லை. நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கு. சாதாரணத் துத்தநாகக் கட்டைகள் சும்மா இருந்தாலும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அல்கலைன் செல்கள் கூடுதல் காலம் தாங்கும். உறையின் மேல் அச்சிடப்பட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

நம் சமுதாயத்தில் வணிகர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் பெயரிலேயே திருக்குர்ஆனில் ஒரு சூரா, அல்முதஃப்ஃபிஃபீன், இருக்கிறது. தராசை நேராகப் பிடிக்கும் நீங்கள், கல்லாவுக்கு அருகில் ஒரு டெஸ்டரையும் வைத்து, வாங்குவோர் கண்முன்னே சோதித்துக் கொடுங்கள். சோர்ந்த சரக்கு எது என்று உங்களுக்கும் தெரியும். வாங்கியவரின் துஆவும் கிடைக்கும்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பகுதிகளில் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். கருவிகளில் பல பென்சில் செல்லில் ஓடுபவை. சோறு கட்டிக் கொடுக்கும் கையோடு, உடன் போகும் செல்களையும் ஒருமுறை டெஸ்டரில் வைத்துப் பார்த்து அனுப்புங்கள்.

தீர்ந்த பின்

தீர்ந்த செல்களை அடுப்பிலோ, குப்பை கொளுத்தும் இடத்திலோ போடாதீர்கள், வெடிக்கக்கூடும். 2022 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பாட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். 9 வோல்ட் பாட்டரியைச் சாவி, சில்லறைக் காசுகளோடு போடாதீர்கள். இரு முனைகளும் இணைந்து தீப்பற்றலாம்.

வட்டச் செல்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அழவில்லையே என்று காத்திராமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சம்பாதித்துக் கொண்டிருக்கலாம். புயல் வரும் இரவில் வீட்டில் இருப்பது நீங்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான். மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள செல்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிள்ளைகளிடம் கருவியைக் கொடுங்கள். முள் அசைவதை ஆசையோடு பார்ப்பார்கள். பச்சை ஒரு டப்பாவில், மஞ்சள் வேறொரு டப்பாவில், சிவப்பு வெளியே. பச்சை டப்பாவும் டார்ச்சும் இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பழைய பிஸ்கட் டப்பா இன்றும் இருக்கிறது. இப்போது அதில் பச்சைக் கட்டைகள் மட்டுமே.